கூடையில்லாத ஏற்றம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே ஐம்பதைத் தாண்டியவள் இராஜகுமாரி. வயிற்றில் ஒரு கட்டி. வெட்டி எடுக்க வேண்டும் என்றார் கண்டி டாக்டர். ஆனால் அடுப்புப் புகை தின்ற நெஞ்சு மயக்க மருந்தைத் தாங்காது என்று பயம். தினமும் ஏற்றத்தில் நடக்க வேண்டும், மூச்சை அடிவயிறு வரை இழுத்துவிட வேண்டும். அடுத்த கிளினிக் நாளுக்குள் மூச்சுக் கூடினால்தான் ஒப்பரேசனுக்குத் தேதி.

பயிற்சி சொல்லிக்கொடுத்த நிஷாந்தி மிஸ்ஸிடம் அவள் கேட்டாள்: "காலமெல்லாம் மலையில ஏறி எறங்குறவதானே மிஸ். இன்னுமா நடக்கணும்?"

"அது வேலைக்கும்மா. இது ஒப்பரேசனுக்கு."

லயத்து வீட்டுக்கு வந்து சொன்னதும் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு சிரித்தாள். "சொகமில்லன்னு லீவு எடுத்தவ சும்மா ஒலாத்துறாளேன்னு கங்காணி பெரட்டுல வச்சு மானத்த வாங்கிருவாரு, பாத்துக்கக்கா."

அதுவும் மெய்தான். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பியபின், வெறுங்கையோடு ஏறுகிறவர்களை அந்தத் தோட்டம் கண்டதில்லை. ஆகவே இராஜகுமாரி கூடையை எடுத்துக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டாள். கேட்டால் விறகுக்குப் போகிறேன் என்று சொல்லலாம். சொன்னதை மெய்யாக்க நாலு கட்டையும் பொறுக்கிப் போட்டாள். நாள்தோறும் ஏறினாள். உடம்பு அலுத்ததே தவிர மூச்சு கூடவில்லை.

கிளினிக்கில் குழாயை வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார்கள். கருவிக்குள் இருந்த மூன்று பந்துகளில் ஒன்றே ஒன்று சோம்பலாக எழும்பி விழுந்தது.

"மெய்யா நடந்தீங்களா?" என்றாள் நிஷாந்தி.

"சாமி சத்தியமா நடந்தேன் மிஸ்."

"எங்க, நடந்து காட்டுங்க."

ஆஸ்பத்திரி நடையில் நடந்தாள். முதுகு வளைந்து கழுத்து முன்னே போயிற்று. இரண்டு கைகளும் காதோரம் உயர்ந்து, அங்கே இல்லாத கயிற்றைப் பிடித்தன.

"கூடையோடயா நடந்தீங்க?"

"வெறுங்கையோட போனா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க மிஸ்."

நிஷாந்தி சிரிக்கவில்லை. "குனிஞ்சா நெஞ்சு மடங்கிப் போகும்மா. மூச்சுக்கு எடமேது?"

தேதி அடுத்த மாதத்துக்குப் போயிற்று. பஸ்ஸில் கம்பியில் தலை சாய்த்தபடி வந்தாள். பசிக்கவுமில்லை, அழுகையும் வரவில்லை.

மறுநாள் பெரட்டு முடிந்த நேரத்தில் புறப்பட்டாள். கூடை கதவுக்குப் பின்னால் கிடந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"என்ன ராசு, கூடையக் காணோம்?" கங்காணி பொன்னையா எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். "நடையெல்லாம் நல்லாத்தானே இருக்கு. வேலைக்குப் பேரு போடவா?"

"ஒப்பரேசனுக்கு நடக்குறேன் கங்காணி. வேணுன்னா நீங்களும் வாங்க, தொப்பை கொறையும்."

நிரையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பொன்னையா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். கூடச் சிரிக்க இராஜகுமாரிக்குத் தெம்பில்லை.

முதல் வளைவிலேயே கைகள் தாமாகக் காதோரம் போயின. இறக்கி, மிஸ் சொன்னபடி ஒன்றை வயிற்றில், கட்டியின் மேல் வைத்தாள். நிமிர்ந்து நின்று மூச்சை இழுத்தாள். கை கொஞ்சம் மேலெழுந்தது. பிறகு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

ஏற்றம் இன்னும் பாதி இருந்தது.