பிணத்தின் மூச்சைப் பார்ப்பவர்

அமெரிக்காவில், இர்விங் நகரில் அப்போது ஞாயிறு மதியங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடித் தமிழ்ப் பட வீடியோ கேசட் பார்ப்போம். அங்கே வரும் டாக்டர் ஒருவருக்குப் பிரேதப் பரிசோதனைதான் வேலை. ஒல்லியான ஆள், நரைத்த புருவம். படத்தில் பிணம் வந்தால் முன்னால் குனிந்து அதன் வயிற்றையே பார்ப்பார். "மூச்சு விடறான்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

அன்று போட்டது செலவே செய்யாமல் எடுத்த கொலைப் படம். ஒரே அறை மூன்று வீடாக வந்தது, ரத்தம் சிவப்பு பெயின்ட்.

"சுத்தக் குப்பை டாக்டர்" என்றேன்.

"குப்பைதான். ஆனா ஒரு சீன் கரெக்ட். புருஷன் செத்துட்டான்னு போலீஸ் சொன்னதும் அந்தப் பொண்ணு அழல. போய் ஸ்டவ்வ ஆஃப் பண்ணினா, பாத்தீங்களா? நான் எத்தனையோ வீட்டுக்கு போன் பண்ணி நியூஸ் சொல்லியிருக்கேன். நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க."

அவர் கேசட்டை ரீவைண்ட் செய்து உறையில் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தான். "அப்பா போயிட்டார்டா."

"ஒரு நிமிஷம்ணா" என்று ரிசீவரை வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன்.

அடுப்பு எரியவே இல்லை.