ஏகாம்பரம் கொடுத்த சுருதி

ஏகாம்பரத்துக்குப் பொதுவாகவே மனிதர்களைப் பிடிக்காது. மேடையேறி நிற்கிற மனிதர்களை அறவே பிடிக்காது. அவர்களுக்குக் கீழே உட்கார்ந்து கிளாரினெட் ஊதுவதுதான் அவருடைய பிழைப்பு என்பதால், அந்த வெறுப்பை வளர்த்துக்கொள்ள அவருக்கு நிறைய அவகாசம் கிடைத்தது.

அம்பத்தூரில் அவர்கள் நாடகம் போடும் அரங்கில் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. வாத்தியக்காரர்கள் அதற்குள்தான் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் விளிம்புக்கு வரும் நடிகர்களின் பாதம்தான் முதலில் தெரியும். ராஜா, ராணி, முனிவர் எல்லோரையும் ஏகாம்பரம் பித்த வெடிப்பை வைத்தே அடையாளம் தெரிந்து வைத்திருந்தார். "காலக்கூட ஒழுங்கா வச்சி நடிக்கத் தெரியல, இவனுங்களுக்குக் கிரீடம் ஒரு கேடு" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் விமர்சனம்.

அவருடைய அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவர். பிள்ளையும் ஒழுங்காக லேத்துக்குப் போயிருக்கலாம். பள்ளிக்கூடப் பேண்டில் கிளாரினெட்டைக் கையில் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்தபோது, மாப்பிள்ளையைவிடக் குதிரைக்குத்தான் தாளம் புரிகிறது என்று சொல்லி ஒரு மாமனாரிடம் அடி வாங்கப் பார்த்தார். மெல்லிசைக் குழுவில் பாடகர்களையெல்லாம் ஏளனம் செய்தே வெளியே வந்தார். கடைசியில் நாடக மன்றம் அவரை எடுத்துக்கொண்டது. காரணம் அவருடைய குணம் அல்ல. ராணி அழுதால் புல்லாங்குழல், வில்லன் வந்தால் சாக்ஸபோன், ராஜா பாடினால் கிளாரினெட் என்று மூன்றையும் ஒரே ஆள், ஒரே நாற்காலியில் ஊதுவார். வாசிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அவருக்கு வில்லங்கமெல்லாம் வாசிக்காத நேரத்தில் திறக்கிற வாயால்தான்.

ராஜா வேஷம் போடும் திருமுருகன் வாரம் முழுக்க வானகரத்தில் மனை விற்பவன். ஞாயிற்றுக்கிழமை மன்னன். தொண்டை கனமானது, ஆனால் காது சுத்தமாகக் கிடையாது. மகுடத்தை இழந்த ராஜா பாடும் பாட்டுதான் நாடகத்தின் உயிர். அதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் அடங்கிவிட வேண்டும், ராஜா மெதுவாக விளிம்புக்கு நடந்துவந்து ஆகாயத்தைப் பார்த்துப் பாட்டை எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாடகத்தன்றே ஏகாம்பரம் உஷாரானார். இவன் எந்தச் சுருதியில் எடுப்பான் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாதே என்று, அந்த நிசப்தத்தில் இரண்டு கட்டையில் ஒரே ஒரு சுரத்தைக் காற்றோடு காற்றாக ஊதி நிறுத்தினார். திருமுருகன் அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிட்டான். யாரும் கேட்டுக்கொள்ளாமலே அது வழக்கமாகிவிட்டது.

அதற்கப்புறம் திருமுருகனுக்குச் சால்வை விழாத ஊர் கிடையாது. சுருதி சுத்தத்தைப் பற்றி மேடையிலேயே பாராட்டினார்கள். அவனும் நெஞ்சில் கைவைத்து எல்லாம் ஆண்டவன் கொடுத்தது என்பான். பள்ளத்தில் இருந்த ஏகாம்பரத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெரிஞ்சிகினே ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிறான் பாரு, நன்றி கெட்டவன்" என்று வீட்டுக்கு வந்து மனைவி ராஜகுமாரியிடம் பொருமுவார்.

இப்படி இருக்கும்போதுதான் மலேசியாவில் நாடகம் போட மன்றத்துக்கு அழைப்பு வந்தது. முகப்பேர் குடியிருப்பில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏகாம்பரம் சொல்லிவிட்டார். ராஜகுமாரி சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். பிறகு மன்றத்தின் மேனேஜர் கிருபாகரன் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, நால்வரில் மூவருக்குத்தான் இடம் இருக்கிறது என்றார்.

"டிரம்ஸும் ரிதம் பேடும் இல்லாம முடியாது. கீபோர்டுல சந்தோஷ் எல்லா ஊதுற வாத்தியத்தையும் வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை மலேசியாக்காரங்க பாக்க வர்றாங்க. அன்னிக்கு முடிவு பண்ணிடலாம், ஏகாம்பரம் சார்."

சந்தோஷ் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், விடுமுறையில் கீபோர்டு வாசிப்பவன். அவன் பெட்டியிலிருந்து வரும் கிளாரினெட் சத்தம் ஏகாம்பரத்துக்கு மூக்கடைத்தவன் பேசுவது மாதிரி இருக்கும். அதை நம்பித் தன்னை விட்டுவிட்டுப் போவதா என்று அவருக்குக் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜகுமாரியிடம் அவர் திட்டத்தைச் சொன்னார். "இன்னிக்கு நான் சுருதி குடுக்கப் போறதில்ல. மலேசியாக்காரன் கண்ணு மின்னாடியே அவன் பாட்டோட வுழட்டும். அப்பத் தெரியும், யார் இல்லன்னா நாடகம் நடக்காதுன்னு."

ராஜகுமாரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வுழலன்னா?"

"வுழுவான்."

"அதான்யா கேக்குறேன். வுழலன்னா இன்னா பண்ணுவ?"

இந்தக் கேள்வியையும் ஏகாம்பரம் மதிக்கவில்லை. கிளாரினெட்டின் வாயில் பொருத்தும் நாணல் ரீடை எச்சிலில் நனைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. ராஜா மகுடத்தை இழந்தார், வாத்தியங்கள் அடங்கின. ஏகாம்பரம் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். ஜிகினா ஒட்டிய செருப்பு விளிம்புக்கு வந்து நின்றது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. பெருவிரல் மடங்கி நிமிர்ந்ததைப் பார்த்தபோது ஏகாம்பரத்துக்கு ஏற்பட்ட ஆனந்தத்துக்கு அளவே இல்லை.

திருமுருகன் பாட்டை எடுத்தான். இரண்டரைக் கட்டையில் எடுத்தான். அரைக்கட்டை மேலே.

செத்தான் என்று ஏகாம்பரம் நினைத்தார். சந்தோஷ் தலையைக்கூடத் திருப்பாமல் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினான். மொத்த கீபோர்டும் அரைக்கட்டை ஏறி, பாட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. டிரம்ஸுக்கும் பேடுக்கும் இரண்டென்ன, இரண்டரை என்ன. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொல்லப்போனால், அரைக்கட்டை ஏறியதில் குரல் இன்னும் எடுப்பாகவே இருந்தது.

பல்லவி முடிந்ததும் கிளாரினெட் வர வேண்டும். விரலை மாற்றிப் போட்டு அரைக்கட்டை ஏற்றி வாசிக்க ஏகாம்பரத்துக்கு ஒரு நொடி போதும். ஆனால் தப்பாக ஏறினவன் அவன், நான் எதற்கு அவன் பின்னால் ஏற வேண்டும் என்று அவருக்கு வீம்பு. இரண்டு கட்டைதான் சரி, உலகமே தப்பாக இருந்தால் இருக்கட்டும் என்று இரண்டு கட்டையிலேயே அடிவயிற்றிலிருந்து ஊதினார்.

முன்வரிசையில் ஒரு அம்மாள் காதில் விரலை வைத்துக்கொண்டாள். எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பள்ளத்தைத்தான் எட்டிப் பார்த்தார்கள், ராஜாவை யாரும் பார்க்கவில்லை. ஏகாம்பரம் விடாமல் கடைசிவரை ஊதி முடித்தார். அடுத்த இடத்தில் அவர் வாயில் வைப்பதற்குள் சந்தோஷ் அந்த மூக்கடைப்புச் சத்தத்தில் அதை வாசித்துவிட்டான். கைதட்டல் எழுந்தது. ஏகாம்பரம் கிளாரினெட்டை மடியில் இறக்கினார். மீதி நாடகத்துக்கும் அது அங்கேயே கிடந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஜிகினாச் செருப்பு மறுபடி விளிம்புக்கு வந்தது. அப்புறம் முழங்கால் மடங்கியது, அதற்குமேல் ஒரு முகம் வந்தது. மீசையில் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. சண்டைக்கு வந்திருக்கிறான், இன்றைக்கு விடக்கூடாது என்று ஏகாம்பரம் தயாரானார்.

"இன்னா அண்ணாத்தே, ஒடம்பு சரியில்லியா?" என்றான் திருமுருகன்.

"என் ஒடம்புக்கு இன்னா? இன்னிக்கு நான் ஒனக்குச் சுருதி குடுக்கல. அவ்ளோதான்."

"இன்னா சுருதி?"

"பாட்டுக்கு மின்னாடி குடுப்பேனே, அது."

திருமுருகன் யோசித்துப் பார்த்தான். "ஓ, நீ ஊதிப் பாப்பியே, ரீடு ஈரமா கீதான்னு. அதுவா?"

ஏகாம்பரம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். நடிக்கிறானோ என்று பார்த்தார். இல்லை, இவ்வளவு நன்றாக இவனுக்கு நடிக்க வராது.

"அத வுடு, அண்ணாத்தே. வயசானா காது அப்டி இப்டித்தான் ஆவும், எங்க நைனாவுக்கும் ஆச்சு" என்று திருமுருகன் குரலைத் தாழ்த்தினான். "மேனேஜர் உன்னிய வுட்டுட்டுப் போலாம்னாரு. அண்ணாத்தே வரலன்னா நானும் வரலன்னு சொல்ட்டேன். எடம் போட்டுட்டாங்க, நீ வர்ற. ஒண்ணே ஒண்ணு பண்லாம். அங்க பாட்டுக்கு மின்னாடி நான் உன் பக்கமா வந்து மெதுவா ஒரு தபா சுருதி முணுமுணுக்கிறேன். அதப் புட்ச்சிகினு நீ வந்துடு. யாருக்கும் தெரியாது. நானும் ஒருத்தர் கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை நினைத்துக்கொண்டார்.

"சரி" என்றார்.

திருமுருகன் குனிந்து அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தான். பள்ளத்திலிருந்து பார்க்க, பழையபடி செருப்பு மட்டும் தெரிந்தது.