சத்தம் குறைந்த மிஷின்

குர்லா ஸ்டேஷனில் என் மகளின் கையை நான் விட்டது, ரயில் பாஸைச் சட்டைப் பைக்குள் திருப்பி வைக்கும் நேரம்தான்.

செம்பூரிலிருந்து மாதுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை அது. குர்லாவில் வண்டி மாற வேண்டும். எதிர்ப்பக்கம் தாணே வண்டி வந்து நின்றது. கூட்டம் இறங்கியது, ஏறியது. வண்டி போன பிறகு அவள் நின்ற இடத்தில் எங்கள் துணிப்பை மட்டும் கிடந்தது. அவளுக்கு அப்போது பதினோரு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. வண்டி போன திசையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்பது தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் தாணேயில், போக்கிடம் தெரியாத குழந்தைகளை வைத்திருக்கும் ஒரு விடுதியில் கிடைத்தாள். அவள் போட்டிருந்த கவுனைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு, யாருடையதோ ஒரு கவுனை மாட்டியிருந்தார்கள். அங்கிருந்த அம்மாள் அவளை ஒரு மராட்டிப் பெயரால் அழைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் வைத்த பெயர். இன்னும் பத்து நாள் போயிருந்தால் அதுவே அவள் பெயராகியிருக்கும் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கூட்டி வந்தேன்.

அதன்பின் அலுவலகம் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். ஒரு நாள் மனைவி, "நாக்குல என்ன, தோலு உரிஞ்சிருக்கு?" என்று கேட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். உரிந்துதான் இருந்தது. எந்த டீயில் சுட்டுக்கொண்டேன் என்று தெரியவில்லை.

கவுனின் உள்பக்கம் முகவரியைத் தைத்துவிடலாம் என்றேன்.

"கவுனத்தான கழத்திட்டாங்க?"

கழுத்தில் ஒரு தகடு?

"அறுத்துட்டுப் போயிருவாங்க."

பிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்தோம். இரண்டு நாள் கழித்து, அரிசி களைந்துகொண்டே அவள்தான் சொன்னாள்: "கையில எழுதிருங்க. பச்ச குத்திருங்க. பொம்பளப்புள்ள கைன்னு பாக்காதீங்க. பெருசா எழுதச் சொல்லுங்க."

தாராவியில் மோட்டாருக்கும் காலிங் பெல்லுக்கும் கம்பி சுற்றும் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். சந்தையில் பச்சை குத்துகிறவர்களுக்கு மிஷின் செய்து கொடுப்பவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் குத்துவார். அடுத்த ஞாயிறு தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேஜையில் இருந்த இரண்டு மிஷின்களை என் பக்கம் நகர்த்தினார்.

ஒன்று பெல் மிஷின். காலிங் பெல்லில் இருக்கும் இரண்டு காயில்களை ஒரு பித்தளைச் சட்டத்தில் பொருத்தியது. கரண்ட் வந்ததும் காயில் காந்தமாகி ஓர் இரும்புப் பட்டையை இழுக்கும். இழுத்ததும் கரண்ட் அறுந்து பட்டை திரும்பிவிடும். உடனே மறுபடி இழுக்கும். மணியை அடிக்க வேண்டிய பட்டை இதில் ஊசியை அடித்தது. மற்றது அவர் புதிதாகச் செய்தது. ஜப்பான் பொம்மைக் காரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார். அது சுற்றும்போது ஓரத்தில் வைத்த ஆணி ஊசியை மேலும் கீழும் கொண்டுபோகும். இரண்டுக்கும் ஒரே பேட்டரிப் பெட்டிதான்.

"பெல்லு எரைச்சல் போடும் சார். புடிக்கிறவன் கையி எலும்பு வரைக்கும் நடுங்கும். ஆனா ஒரே தடவதான், கோடு விழுந்துரும். மோட்டாரு பூன மாதிரி, சத்தமே கெடையாது. என்ன, தோல்ல அழுத்துனா அதுக்கு மூச்சு வாங்கும். ஒரே கோட்டுல ரெண்டு மூணு தடவ போவணும்."

"எது அதிகமா வலிக்கும்?"

"என்னைக் கேட்டா? குத்துறவனுக்கு வலிக்காதுல்லா."

இரண்டு சட்டைக் கைகளையும் மடக்கிவிட்டேன். ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறாரா என்று பார்த்தேன், எடுத்தார். இடது முன்கையில் பெல் மிஷினால் ஓர் அங்குலக் கோடு போட்டார். பட்டறை முழுவதும் அதிர்ந்தது. தெருவில் போன ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பிறகு வலது கையில் மோட்டார் மிஷினால், மூன்று தடவை.

"மொதல்ல வலிச்சுதா?"

"இல்ல."

"இது?"

"இதுவும் இல்ல."

மிஷினைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சார், வேட்டியில குத்துனாக்கூட நூலு இழுக்கும். நீங்க கண்ணகூடச் சிமிட்டல. ஒங்க கைய வச்சுக்கிட்டு நான் ஒரு முடிவுக்கும் வர முடியாது."

வலி தெரியாவிட்டால் போகிறது, மோட்டாரே இருக்கட்டும் என்றேன். சத்தம் குறைவு, குழந்தை பயப்பட மாட்டாள்.

அவர் திருப்புளியால் மேஜையைத் தட்டினார்.

"பிள்ளைக்குக் காது கேக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப சத்தம் யாருக்கு சார்?"

அடுத்த வாரம் கூட்டி வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் மனைவி என் இரண்டு கோடுகளையும் மகளுக்குக் காட்டினாள். வாசல் கதவில் இருந்த எங்கள் எண்ணைக் காட்டி, அவள் கையில் விரலால் எழுதிக் காட்டினாள். இரண்டு விரலால் கிள்ளி, வலிக்கும் என்று முகத்தைச் சுளித்துக் காட்டினாள். மகள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். குர்லாவை அவளும் மறந்திருக்கவில்லை. அன்றிலிருந்து கக்கூஸுக்குப் போனாலும் யாராவது வெளியே நிற்கிறோமா என்று கதவைத் திறந்து பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். என் பெயர், வீட்டு எண், செம்பூர் என்று மூன்று வரி. போலீஸ்காரன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் படிக்கட்டும் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பட்டறைக்காரர் தாளைப் பார்த்து மோட்டார் மிஷினை எடுத்தார். அதை ஓடவிட்டு முதலில் அவளிடம் நீட்டினார்.

என் மகள் எதையும் உள்ளங்கையால்தான் அறிவாள். மாவு மில்லுக்குப் போனால் சுவரில் கை வைத்தபடி நிற்பாள். மிஷினைத் தொட்டாள். கையை எடுத்தாள். ஓடுகிறதா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே பெல் மிஷினைத் தொட்டுக் காட்டினாள். அவர் வயரை மாற்றிப் போட்டார். அந்த இரைச்சலில் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். மகளின் புருவம் உயர்ந்தது. இரண்டாவது கையையும் அதன்மேல் வைத்தாள். வெகு நேரம் கைகளை எடுக்கவில்லை. பிறகு இடது கையை மேஜைமேல் நீட்டினாள்.

"பாத்தீங்களா? அப்பன் காதால முடிவு பண்ணிட்டு வந்தாரு. பிள்ள கையால மாத்திட்டுது."

"அவரு எப்பவும் அப்படித்தான் அண்ணாச்சி," என்றாள் மனைவி. "நீங்க எழுதுங்க."

எழுதினார். மகள் வலது உள்ளங்கையை மேஜைப் பலகையில் பதித்து, நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, கையை இழுக்கவில்லை. இரண்டாவது வரியில் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் மகளின் முழங்கையைப் பிடித்திருந்தேன். அவள் எலும்பு வழியாக அந்த நடுக்கம் என் விரலுக்கும் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வலது கையில் மோட்டார் போட்ட கோடு இப்போது தேடினால்தான் தெரியும். இடது கையில் பெல் போட்டது அப்படியே இருக்கிறது. அவளுடைய மூன்று வரிகளும் அப்படியே இருக்கின்றன. நான் கேட்டபடி சத்தம் குறைந்த மிஷினால் எழுதியிருந்தால் அவை இந்நேரம் மங்கத் தொடங்கியிருக்கும். குர்லாவில் இப்போது பாஸைத் திருப்பி வைப்பதில்லை. வண்டி ஏறும்வரை வாயில் கடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் மான்குர்தில் ஒரு வீடு சொன்னார். இரண்டு அறை, தனிக் குழாய், வாடகை இதைவிடக் குறைவு. போய்ப் பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மகளைக் கூப்பிட்டாள். அதாவது, தரையைக் காலால் இரண்டு முறை தட்டினாள். மகள் வந்ததும் அவள் இடது கையைப் பிடித்து என் முன்னால் திருப்பினாள்.

"இதுல மான்குர்துன்னா போட்டிருக்கு?"

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் நண்பரிடம், அந்தப் பக்கம் தண்ணீர் சரியில்லை என்கிறார்கள், இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.