நாடா வைத்த கவுன்

என் மகள் அரியலூரில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி நாடகத்தில் அவளுக்கு விக்டோரியா மகாராணி காலத்துச் சீமாட்டி வேஷம் கிடைத்தது. பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா இருக்கும்போது வாடகை உடை எதற்கு? ஃபோனில் தேடி, துணி வெட்டுவதற்கான மூன்று பேட்டர்ன்களை எடுத்தாள். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, தாள்களை டேப் போட்டு ஒட்டித் தரையில் விரித்தோம்.

மூன்றிலும் பாவாடைக்குப் பின்னால், இடுப்புக்குக் கீழே, திண்டு வைத்ததுபோல் துணி புடைத்து நிற்கும். உள்ளே கம்பிக்கூடு வேறு கட்ட வேண்டுமாம். “இதக் கட்டிக்கிட்டு எப்புடிடி உக்காந்தாளுங்க? மினி பஸ்ல ஏறுனா கண்டக்டர் ரெண்டு டிக்கெட் போடுவான்” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூச்சு வாங்கியது. அப்போது திருச்சி ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை போய் வந்ததும் அவளுடைய சுடிதார்களை நான் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அவளுக்குப் பிடித்தது, கழுத்திலிருந்து இடுப்புவரை முன்பக்கம் வரிசையாகப் பட்டன் வைத்தது. அழகுதான். ஆனால் பட்டன் உடை ஓர் அளவுக்குத்தான் பொருந்தும்; நாடகத்துக்கு முன்னால் இன்னும் மருந்து பாக்கி இருந்தது. முதுகில் நாடா கோத்துக் கட்டும் பேட்டர்னை எடுத்து வைத்தேன். அதை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கிக்கொள்ளலாம்.

“அத்தன பட்டனுக்குக் காஜா எடுக்க எனக்குக் கண்ணு தெரியலடி” என்று பொய் சொன்னேன். நாள் முழுக்கக் காஜா எடுப்பவள் நான். அது அவளுக்குத் தெரியாதா?

அவள் பட்டன் வைத்த தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். “நாடா வச்சதையே தைம்மா. நான் இன்னும் எளச்சிருவேன்னு பயப்படுற” என்றாள். அவளே சாக்கட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“ஆனா உள்ள துணி நெறைய விட்டுத் தை. ஒடம்பு தேறுனப்பறம் பிரிச்சு விட்டுக்கலாம்.”

பள்ளிக்கூடப் பிள்ளையின் சீருடைக்கு விடுவதுபோல் எல்லாத் தையலிலும் துணி விட்டேன். வெட்டும்போது அழுதேன். நாடகத்தன்று நாடாவை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பிறகும் உடை தொளதொளவென்றுதான் நின்றது. மேடையில் அவள் நிமிர்ந்து நடந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அந்தக் கவுன் என்னிடம்தான் இருக்கிறது. உள்ளே விட்ட துணியைப் பிரித்துவிடும் வேலை எனக்கு வரவேயில்லை.