கொள்ளுத் தின்றவர்

முனியப்பண்ணன் இறந்த செய்தி ஒரு மத்தியானத்தில் வந்தது. நான் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். மூன்றரை வருடமாக நாம் எல்லோரும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம். ஜப்பான்காரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள் என்கிறார்கள், ஆனால் அரிசி இன்னும் வந்தபாடில்லை. வாசலில் அவருடைய மனைவி நின்றார். மலாக்காச் செட்டிகள் தலைமுறைகளாக வாழும் கம்போங் செட்டியில் பிறந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு முழுக்க மலாய். "டியா சுடா தாடா" என்றார். அவர் இல்லை, போய்விட்டார் என்று அர்த்தம். பிறகு, தூக்குவதற்கு மூன்று பேர்தான் கிடைத்திருக்கிறார்கள், நீங்கள் வர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

மலாக்காவில் நம் காஜா பேராங் பகுதியில் வீட்டுக்கு வீடு சுவர்தான் இடைவெளி. அங்கே ஒரு பாடைக்கு நாலு தோள் தேறவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். போன வருடத்திலிருந்து அவருக்குக் குதிரைக்கறி முனியப்பன் என்று பெயர். ஜப்பான் லாயத்திலிருந்து குதிரையைக் கறிக்காகத் திருடிக்கொண்டு போனவர் என்று ஜாலான் பெண்டஹாராவின் மசாலாக் கடைகள் வரை பேச்சு. அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தப் பேச்சு பொய். அது பொய் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

அவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். அங்கே பட்டாளத்துக்கென்று குதிரை வளர்க்கும் பண்ணை ஒன்று இருந்ததாம். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து சென்னையில் இறங்கும் குதிரைகளை அங்கே கொண்டுபோய்ப் பழக்குவார்கள். அந்தக் குதிரைகளுக்குப் புல் போடப் போனவர், லாடம் அடிக்கக் கற்றுக்கொண்டு, குதிரைப் பட்டாளத்தோடு முதல் மகாயுத்தத்துக்குப் போனார். மெசபடோமியா, பிறகு பாலஸ்தீனம். யுத்தம் முடிந்தபின் பந்தயக் குதிரைகளோடு சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து மலாக்காவுக்கு வந்து, குதிரை வண்டிகளை மோட்டார் துரத்திவிட்டதால் மாட்டுக்கு லாடம் அடிப்பவராக நம் தெருவில் நிலைத்தார். அதை ஒரு தொழில் என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து, காலைக் கட்டித்தான் லாடம் அடிக்க வேண்டும். குதிரை தானே காலைத் தூக்கிக் கையில் கொடுக்கும். "நம்பிக் குடுக்குது பாருங்க, அதுதான் வித்தியாசம்" என்பார்.

ஜப்பான்காரர்கள் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பெஞ்சுகளை விறகாக்கிவிட்டு, வகுப்பறைகளில் பதினோரு குதிரைகளைக் கட்டினார்கள். பெட்ரோல் இல்லாமல் போனதால் சாமான் வண்டி இழுக்க அவை வேண்டியிருந்தன. முனியப்பண்ணனை லாடத்துக்கும் பராமரிப்புக்கும் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்கள் மொழியைக் கட்டாய வகுப்பில் கொஞ்சம் படித்திருந்தேன். அதனால் என்னை மொழிபெயர்க்கவும் மீதி நேரத்தில் லாலாங் புல் அறுக்கவும் வைத்தார்கள். நான்காம் வகுப்புக்குப் பூகோளம் எடுத்த அறையிலேயே சாணி அள்ளினேன். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு அலுப்புதான் மிஞ்சியது.

குதிரைப் பட்டாளம் என்றால் ஈட்டியும் பாய்ச்சலும் என்று நினைத்தவன் நான். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஒருநாள் புல் அறுக்கும்போது அதைப்பற்றிக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை வருட யுத்தத்தில் ஒரே ஒரு பாய்ச்சலைத்தான் தூரத்திலிருந்து பார்த்தாராம். "பாய்ச்சல் அரை மணி நேரம், வாத்தியாரே. மத்ததெல்லாம் தண்ணி காட்டுறதும் சாணி அள்ளுறதும்தான். இப்ப நீங்க செய்றதுதான் குதிரைப் பட்டாளம்." குண்டு பட்டுச் செத்த குதிரைகளைவிடத் தாகத்திலும் சொறியிலும் சேற்றிலும் செத்தவை அதிகம் என்றார். எதிரில் இயந்திரத் துப்பாக்கி இருந்தால் எவ்வளவு நல்ல குதிரையும் ஒரு பெரிய குறி, அவ்வளவுதான் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு ஈட்டிப் பாய்ச்சலைப்பற்றி எனக்குப் பாடம் நடத்த வராது.

மெசபடோமியாவில் ஒரு மாதம் ரேஷன் வராமல் போனதாம். செத்த குதிரைகளை வெட்டி அண்டாவில் போட்டார்கள். பட்டினியில் கிடந்தவர்கள் தின்றார்கள், அவர்களை அவர் குறை சொல்லவில்லை. அவரால் மட்டும் முடியவில்லை. "குதிரையோட கொள்ளுத் தீனியத் திருடித் தின்னேன். அதுக்கே இன்னிக்கு வரைக்கும் வெக்கமா இருக்கு" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாயத்துக் குதிரைகளுக்கு நான் பெயர் வைக்கப் பார்த்தேன். வேண்டாம் என்றார். குளம்பில் சூடுபோட்ட எண் இருக்கிறது, அது போதும், பெயர் வைத்தால் போன பிறகும் கூப்பிடத் தோன்றும் என்றார். இப்படிச் சொன்னவர்தான் நாற்பத்தொன்று என்ற செந்நிறப் பெண்குதிரைக்கு மட்டும் தினமும் மடியில் வெல்லத்துண்டு கொண்டுவருவார். வெல்லம் எங்கே கிடைத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். பந்தய மைதானத்தில் ஓடிப் பழகிய அதை வண்டிக்குப் பழக்கியவர் அவர்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தகர டப்பாவைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் அது எந்த மூலையில் நின்றாலும் தொட்டிக்கு வந்துவிடும்.

பாலஸ்தீனத்தைப்பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். யுத்தம் முடிந்ததும், வயதான குதிரைகளைக் கப்பலேற்ற இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். முதல் நாள் ஒரு உத்தரவு வந்தது: லாடங்களைக் கழற்று, பிடரி மயிரையும் வாலையும் வெட்டு. இரும்பும் மயிரும் வீணாகக் கூடாதாம். லாடம் கழற்றியவர்களில் இவரும் ஒருவர். எதற்கென்று தெரியாமலே கழற்றினார். குதிரைகள் வழக்கம்போலக் காலைத் தூக்கிக் கொடுத்தன. மறுநாள் காலையில் அவற்றை ஒலிவமரத் தோப்புக்கு நடத்திப்போய், வாயில் தீவனப் பையைக் கட்டிவிட்டு, வரிசையாகச் சுட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் புல் அறுக்கப் போய்விட்டார்.

போன வருட மழைக்காலத்தில் லாயத்துக்கு ஒரு ஜப்பானிய மிருக வைத்தியர் வந்தார். குதிரைகளைப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி என்னைக் கூப்பிட்டு உத்தரவு கொடுத்தார்: பதினோரு குதிரைகளுக்கும் லாடத்தைக் கழற்ற வேண்டும், பிடரியையும் வாலையும் ஒட்ட வெட்ட வேண்டும். அதை நான் அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல் முனியப்பண்ணனிடம் சொன்னேன். "எதுக்குன்னு கேளுங்க, வாத்தியாரே" என்றார்.

நான் கேட்கவில்லை. அந்த அதிகாரியிடம் 'எதற்கு' என்று கேட்டால் கன்னத்தில் அறை விழும். முந்தின வாரம்தான் ஒன்று வாங்கியிருந்தேன், காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டேன், பதில் சொல்லவில்லை என்று முனியப்பண்ணனிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். பதினோரு குதிரைகள், நாற்பத்துநாலு லாடங்கள். நாற்பத்தொன்றைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும், குளிப்பாட்டப் போகிறேன் என்று காவல்காரனிடம் சைகை காட்டிவிட்டு நாற்பத்தொன்றை வெளியே கொண்டுபோனார். லாடமில்லாத காலில் கல் ரோட்டில் நடக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? நாலு குளம்புக்கும் கோணிச் சாக்கை மடித்துக் கட்டினார். ஆயர் குரோ காட்டு வரைக்கும் நடத்திப்போய், தலைக்கயிற்றை அவிழ்த்து, கிளையை ஒடித்து அடித்து விரட்டினாராம். அது போகவில்லையாம். கல்லெடுத்து எறிந்த பிறகுதான் மரங்களுக்குள் போனதாம். மத்தியானம் தனியாகத் திரும்பி வந்து, ஆற்றங்கரையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று என்னைச் சொல்லச் சொன்னார். அதிகாரி ஊரில் இல்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

ஐந்து மணிக்கு அவர் தகரத்தைத் தட்டினார். மீதிப் பத்துக் குதிரைகளுக்கும் தீவனம் வைத்தாக வேண்டுமே. தட்டிக்கொண்டே இருந்தவரின் கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் நாற்பத்தொன்று நின்றது. ஏழு மைல் கல் ரோட்டில் சாக்குகள் தேய்ந்து அறுந்துபோயிருந்தன. முன்னங்கால் இரண்டிலும் குளம்பு பிளந்து ரத்தம். தீவன நேரம் என்று வந்திருக்கிறது. அதற்கு அதைப் பழக்கியவர் அவர்தான். நொண்டிக்கொண்டே அவரிடம் வந்து, வலிக்கிற காலைத் தூக்கிக் கொடுத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அதிகாரியும் வந்து சேர்ந்தார். ஒரு காலில் மிச்சமிருந்த சாக்கும் முடிச்சும், ஓடிப்போன கதைக்கு இடம் வைக்கவில்லை. ஏன் கொண்டுபோனான் என்று கேட்கச் சொன்னார். முனியப்பண்ணன் மறைக்கவில்லை. "சுட்டுடுவீங்கன்னு நெனச்சேன். பாலஸ்தீனத்துல வெள்ளக்காரன் இப்படித்தான் செஞ்சான், நான் பட்டாளத்துல இருந்தப்போ. அதையே சொல்லுங்க, வாத்தியாரே."

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவன் என்று தெரிந்தால் தலை போகும். அதனால்தான் மாற்றிச் சொன்னேன் என்று ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை. மறு பாதி இதுதான்: உத்தரவு எதற்கென்று நீ ஏன் விளக்கவில்லை என்று அதிகாரி என் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். ஆகவே, வீட்டில் பட்டினி, கறிக்காகக் கொண்டுபோனான் என்று சொன்னேன். பசி என்றால் எல்லோரும் நம்புகிற காலம். அதிகாரி நம்பினார். தலை போகவில்லை, முதுகுத்தோல் போனது. அடித்து முடித்த பிறகு அலுத்துப்போனவராக என்னிடம் சொன்னார்: பிடரியிலும் வாலிலும் உண்ணி மொய்த்திருந்தது, குளம்புகள் ஈரத்தில் அழுகத் தொடங்கியிருந்தன, அதனால் எல்லாவற்றையும் இரண்டு மாதம் கடலோரத் தென்னந்தோப்பில் சும்மா மேயவிட வைத்தியர் சொல்லியிருந்தாராம். இந்தக் குதிரை இனி நடக்காது என்று சொல்லிவிட்டு, அதை அங்கேயே சுட்டார்.

அதையும் நான்தான் முனியப்பண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தென்னந்தோப்பு என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கையில் சுத்தியல் சரியாக நிற்கவில்லை.

நான் சொன்ன பொய் லாயத்திலிருந்து எப்படித் தெருவுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே எடுபிடி வேலை செய்த யாராவது கொண்டுவந்திருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து, மரவள்ளி வரிசையில் நிற்கும்போது அவர் காதிலும் விழுந்தது. அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அந்த அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். முழுவதையும் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டதாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கறிக்குன்னா சொன்னீங்க. வேற ஏதாச்சும் சொல்லிருக்கலாமே" என்றார். ஊரில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "உங்க காதுல விழுந்த அறையே போதும். நீங்க இன்னும் அவன்கிட்டதான் வேலை பாக்கணும்." அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு கால் வீங்கி, வயிறு வீங்கி அவர் படுக்கையில் விழுந்தபோதும் என் வாய் திறக்கவில்லை. ஜப்பான்காரர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் போன மறுவாரமே இவர் போய்விட்டார்.

அவர் மனைவி வந்த அன்று நான் நாலாவது தோளாகப் போனேன். கனமே இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு அந்த அம்மாவிடம் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். தெரியும் என்றார். அவர் சொல்லியிருந்தாராம், வெளியே சொல்லாதே என்றும் சொல்லியிருந்தாராம். தெருவில் அத்தனை ஏச்சையும் அந்த அம்மாவும் தெரிந்துகொண்டே வாங்கியிருக்கிறார்.

முனியப்பண்ணனுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் அவர் பெயரில் ஒட்டிவைத்த ஒரு பொய்யும், அதை அவர் எனக்காகச் சுமந்த ஒரு வருடமும்தான் இருக்கின்றன. வருடத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பொய்யை இங்கே இறக்கிவைக்கிறேன், யார் சொன்ன பொய் என்பதோடு சேர்த்து. நாளை பசாரில் யாராவது குதிரைக்கறி முனியப்பன் என்று பேச்செடுத்தால், அவர் குதிரையைத் தின்றவர் இல்லை, கொள்ளுத் தின்றவர் என்று சொல்லுங்கள்.