அண்ணி ருசி பார்க்காத கறி

பிரான்சிலிருந்து அண்ணன் மகன் கொண்டுவந்து கொடுத்த மின்சாரப் பானை என் சமையல் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. மாட்டுக்கறியையும் உருளைக்கிழங்கையும் காலையில் போட்டு மூடிவிட்டால் போதும், சாயங்காலம் கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றுவிடும். "நீ ஒண்ணும் பண்ண வேணாம் அத்தை, போய்த் தூங்கு" என்றான். தூக்கம் எங்கே வருகிறது? இந்த வாசனை எழுந்தாலே நெல்லித்தோப்பு வீட்டின் பின்கட்டும், மரத்தூள் அடுப்புக்கு முன்னால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குந்தியிருக்கும் என் அண்ணியும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அது அம்மாவின் சமையல். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் அம்மா சமையல் வேலை பார்த்தாள்; அங்கிருந்து 'ரகூ' என்ற பெயரோடு அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா செத்த பிறகும், மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணனுக்கு ரகூ இல்லாத ஞாயிறு ஞாயிறே இல்லை. அப்போதுதான் அண்ணி வந்தாள். பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டிக் கும்பிடுகிற வீட்டுப் பெண், ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிற எங்கள் வீட்டுக்கு அண்ணனை நம்பிக் கட்டிய சேலையோடு வந்துவிட்டாள். அவளுடைய அப்பா எங்கள் வாசலில் நின்று, "உன் வூட்டுல இனி ஒரு நாளும் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரகூ செய்யச் சொல்லி அண்ணியை யாரும் வற்புறுத்தவில்லை, அவளாகத்தான் கேட்டாள். எனக்குச் சமைக்கத் தெரியாது, தின்னத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் பழகிக்கொண்டாள். தகர அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் கெட்டித்து, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைப்பாள். நாலு மணி நேரம் ஒரே நிதானமாக எரியும். கறி, பெரிய வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை, கொஞ்சம் வினிகர் எல்லாம் முதலிலேயே போய்விடும். நாங்கள் பூசை முடிந்து திரும்பியதும் பாதி பாதியாக வெட்டிய கிழங்கு. ஆனால் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்க மாட்டாள். "பாப்பா, வா, உப்பு பாரு" என்று என்னைக் கூப்பிடுவாள். பக்கத்து அடுப்பில், கறி படாத தனிப் பாத்திரத்தில் முருங்கைக்காய் சாம்பார் கொதிக்கும். அவள் ஒருத்திக்கு அது ரொம்ப அதிகம். ஒருநாள் கேட்டே விட்டேன். "ஞாயித்துக்கிழம அப்பா சந்தைக்கு வருவாரு. திடீர்னு வந்து நின்னா இன்னாத்தப் போடறது?" என்றாள். சரி, கறியை ஏன் ருசி பார்ப்பதில்லை என்றேன். "என்னிக்காவது எங்க வூட்டுக்குக் கூப்புடுவாங்க இல்ல. சுத்தமான வாயோட போவணும் பாப்பா." ஆறு வருடம், ஒரு ஞாயிறு விடாமல், அந்தச் சாம்பாரை வைத்தாள்.

ஏழாவது வருடம் அவர் வந்தே விட்டார். பதினோரு மணி வெயிலில், மண் உதிராத பச்சை மல்லாட்டைக் கடலை ஒரு பை நிறைய. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் தரையில் உட்கார்ந்தார். வீடு முழுக்கக் கறி வாசனை. அவர் முகம் சுளிக்கவில்லை, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்புடறியாப்பா?" என்று கேட்ட அண்ணியின் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் எழுந்து போகவில்லை. அது போதும் என்று கொல்லைக்கு ஓடி இலை அறுத்து வந்தாள்.

அடுப்படியில் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால், பத்திரிகைத் தொடர்கதையில் கண்ணை வைத்துக்கொண்டு, கறியில் உப்பு பார்த்த அதே கரண்டியால் சாம்பாரையும் கிண்டியிருந்தேன். சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. சாம்பாரை எடுக்க வந்தவளிடம் சொல்லிவிட்டு, "யாருக்கும் தெரியாது அண்ணி, ஊத்திடுங்க" என்றேன். அவள் சாம்பார்ப் பாத்திரத்தை மூடிவைத்தாள். "எனக்குத் தெரியுமே பாப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

கூடத்துக்குப் போய் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னாள். இலையில் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் சோற்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "தண்ணி ஊத்து" என்றார். சோற்றைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, உப்பும் ஒரு வெங்காயமும் வைத்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். புறப்படும்போது அண்ணனுக்கும் சேர்த்து, "வர்றேன்" என்றார். ஆறு வருடம் காத்திருந்த சாம்பார், நான் போட்ட ஒரு கரண்டியால், அவர் இலைக்குப் போகாமலே போயிற்று.

அவர் திரும்ப வரவில்லை. அறுவடை முடிந்த பிறகு சந்தையில் ஊர்க்காரர் ஒருவர் அண்ணனிடம் சொல்லித்தான் தெரியும்: இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. கருமாதிக்குக்கூட மகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணி வழக்கம்போல மரத்தூளைக் குத்தினாள், கறியை ஏற்றினாள், கிழங்கைப் போட்டாள். பக்கத்து அடுப்பைப் பற்றவைக்கவில்லை. உப்பு பார்க்கக் கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று பார்த்துவிட்டு, நானே எழுந்து போனேன். கரண்டியில் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு கம்மி பாப்பா" என்றாள்.