பதினோரு பேர் கேட்ட பாட்டு

சினிமாவில் வராத பாட்டுக்கு ரசிகையாக இருப்பது முழுநேர உத்தியோகம், சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பார்க்கிறவர்கள் எல்லாரும் மேலதிகாரி மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எந்தப் படம்?" எந்தப் படமும் இல்லை, நாலு பையன்கள் சேர்ந்து தாங்களாகவே பாடியது என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் அனுதாபம் வரும் பாருங்கள், அதை அனுபவித்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இண்டி, நாட்டுப்புறம், கவர் என்று ஹெட்ஃபோனுக்குள் ஒளிந்து வாழ்கிற தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரத்து ஜனங்களே, நான் உங்களில் ஒருத்தி.

என் கதையில் கூடுதலாக ஒரு பயம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் கவின் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்தார்கள். 'மறுபடி பார்க்க வேண்டும்' என்று வந்தது. இரண்டாம் மாதம் தூக்கிக்கொண்டு போனபோது விடாமல் அழுதான். அழுகிற குழந்தையிடம் அந்த மெஷின் ஒன்றும் கண்டுபிடிக்காதாம். ஆறு மாதம் முடிந்ததும் தூங்க வைத்துப் பெரிய சோதனை செய்யலாம் என்றார்கள். ஆக, பாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருத்தி, தன் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தாள். அவன் தூங்குகிற இந்த நேரத்தில்தான் எனக்கு எழுத முடிகிறது. நடுநடுவே எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வருவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மன்றம்

கோவளத்துப் பையன்கள் நாலு பேர் நடத்தும் குழுவின் பெயர் உப்புத்தண்ணி. அதன் ரசிகர் மன்றத் தலைவி நான். செயலாளர், டிரம்ஸ் வாசிக்கிற பையனின் தங்கை. உறுப்பினர் சேர்க்கை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கரைக்குப் படகு இழுக்கும்போது அவர்கள் ஊரில் பாடுகிற பாட்டை எடுத்து, அதற்குக் கிட்டாரும் பறையும் சேர்த்து ஒரு கவர் போட்டார்கள். கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் வாரம் அதைக் கேட்டவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் குழுவினரே நாலு பேர். என் ஃபோன், ஆபீஸ் லேப்டாப், அம்மாவுக்கே தெரியாமல் அம்மாவின் ஃபோன் என்று மூன்று. பாக்கி நாலு பேர் உண்மையான மக்கள் என்று என் கணவர் அருணிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் நாவலூர் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு பேர்னு வெச்சுக்கோ. நாலாவது ஆள் நான்தான், நான் குளிக்கும்போது என் ஃபோன்ல நீதான் போட்ட."

நாவலூர் அரங்கேற்றம்

குழுவின் முதல் மேடை, நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா. அருணின் சிபாரிசு. எனக்கு அப்போது ஏழாம் மாதம். முன்வரிசையில் நாற்காலி போட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு தலைவிக்கு உரிய கம்பீரத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பாட்டில் பறை உச்சத்துக்குப் போனபோது வயிற்றுக்குள் ஓர் உதை. பறைக்குத்தான் உதைத்தான் என்று பக்கத்து நாற்காலிக்காரரில் தொடங்கி வாட்ச்மேன் வரை எல்லாரிடமும் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டுக்கு ஓய்வில்லை. காலையில் பல் தேய்க்கும்போது போட்டால் இரவுதான் நிறுத்துவேன். பிறந்த பிறகும் அப்படியே. அவன் தூங்கினானா என்று பார்த்துவிட்டுத்தான் நிறுத்துவது.

அன்று மூன்று பாட்டும் முடிந்து, பையன்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கைதட்டலுக்காக நின்றார்கள். குடியிருப்பின் செயலாளர் மேடைக்கே ஏறி வந்து, பாடகன் விக்டரின் தோளில் அன்பாகக் கை போட்டார்.

"மைக் செக்கிங் எல்லாம் நல்லா வந்திருக்கு தம்பி, பாட்டை ஆரம்பிச்சுடலாமா?"

நோட்டுப் புத்தகம்

காது சோதனை செய்கிற மேடம் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். பெரிய சோதனை வரைக்கும் குழந்தை எந்தெந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறான், எதற்குத் திரும்பவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னார். கான்வென்டில் படித்தவளிடம் நோட்டு போடச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மார்ஜின் கோடு போட்டேன். அட்டை போட்டேன். லேபிள் ஒட்டினேன்.

பிறகு தினமும் அவன் பின்னால் உட்கார்ந்து என்னிடம் உள்ள பொக்கிஷத்தையெல்லாம் போட்டுக் காட்டினேன். 'கவர், கிட்டார் மட்டும்: திரும்பவில்லை. பறை, பலமாக: திரும்பவில்லை. உடுக்கை: காலை ஆட்டினான், கொசுவாக இருக்கலாம். பாட்டு முடிந்தது: சிணுங்கல் (பசி).' குக்கர் விசிலுக்கு ஒரு நாள் திரும்புவான், மறுநாள் திரும்பமாட்டான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிற ரயிலை அவன் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நோட்டில் 'இல்லை' என்ற வார்த்தை அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் ஒரு கவர் பாட்டின் குறிப்புக்கு ஓரத்தில், பழைய பழக்கத்தில், 'இரண்டாவது சரணம் அபாரம்' என்றும் எழுதிவிட்டேன். வீட்டு வேலைக்கு வருகிற செல்வியக்கா, துடைப்பத்தை ஊன்றி நின்றபடி நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, புள்ளைய பத்தி எய்துறியா, பாட்டுக்கு மார்க் போடுறியா?"

வீட்டுக் கச்சேரி

பதிவு செய்த பாட்டில் உயிர் இல்லை, நேரில் பாடினால் திரும்புவான் என்று ஒரு யோசனை. விக்டர் பகலில் கூரியர் பைக் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு கோவளத்திலிருந்து தாம்பரம் வந்துவிட்டான். கதவைத் திறக்கப் போகிற அவசரத்தில் ஸ்பீக்கரை நிறுத்தினேன். கவின் முகம் கோணியது. புது ஆளைப் பார்த்து மிரள்கிறான் என்று சமாதானம் செய்தேன்.

விக்டர் பாயில் சம்மணம் போட்டு, படகுப் பாட்டை முழுத் தொண்டையில் எடுத்தான். மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எதிர் வீட்டு நாய் கூடப் பாடியது. கவின் கிட்டாரின் கம்பிகளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான், கொட்டாவி விட்டான், தூங்கிப் போனான். நான் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியோடு வந்தபோது விக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பாட்டுக்குத் தூங்கின மொத ஆளு இவன் இல்லக்கா, ஆனா இவ்ளோ சீக்கிரமா யாரும் தூங்குனதில்ல."

ஷேர் ஆட்டோ

சோதனைக்குத் தேதி வாங்கக் குரோம்பேட்டை போனது ஷேர் ஆட்டோவில். பின்சீட்டுக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கக் குத்துப்பாட்டு. மற்ற நாளாக இருந்தால் இறங்கி நடந்திருப்பேன். வழக்கம்போல் கவினின் காதைப் பொத்தினேன். பிறகுதான் ஒன்று தோன்றியது, கையை எடுத்துவிட்டேன். அவன் ஆட்டோவுக்குள் மின்னுகிற நீல விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தத்துக்கா, விளக்குக்கா? டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, குறைக்கட்டுமா மேடம் என்றார். இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள் என்றேன். பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். இறங்கும்போது டிரைவர் சில்லறை கூட வாங்காமல் வணக்கம் வைத்தார்.

"கொறைக்கச் சொன்னவங்களதான் மேடம் இத்தினி வருஷமா பாத்துகினு கீறேன், நீங்கதான் நம்ம செட்டு."

கரண்ட்

சோதனைக்கு முந்தின நாள் காலை. நான் அடுப்படியில் புட்டிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். கவின் ஹாலில் பாயில் குப்புறக் கிடந்தான், செல்வியக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். அலமாரியில் படகுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி செத்துப்போன ஸ்பீக்கர் அது, ஒயரில்தான் உயிர். பட்டென்று கரண்ட் போனது. உடனே கவின் அழுகிற சத்தம், கூடவே செல்வியக்கா என்னைக் கூப்பிடுகிற சத்தம். விழுந்துவிட்டானோ என்று கை ஈரத்தோடு ஓடினேன். விழவில்லை. தலையை நன்றாகத் திருப்பி, அலமாரியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

கரண்ட் வந்தது, பாட்டு வந்தது, அழுகை நின்றது. செல்வியக்கா என்னை அவனுக்குப் பின்னால், அவன் கண்ணில் படாமல் நிற்கச் சொன்னார். பிறகு சுவிட்சை அணைத்தார். திரும்பினான். போட்டார். ஒன்றும் நடக்காதது போலப் பாயைச் சுரண்டினான். அணைத்தார், திரும்பினான். நான் நம்பவில்லை, நானே போய் அணைத்துப் பார்த்தேன். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை செல்வியக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"வவுத்துல கீறப்ப புடிச்சி ஓடிக்கினே கெடந்தா அவன் இன்னாத்துக்கும்மா திரும்புவான், நின்னாதான திரும்புவான்."

பெரிய சோதனை

செல்வியக்கா சொன்னாலும் மெஷின் சொல்ல வேண்டுமே. காலையிலிருந்து தூங்க விடாமல் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அருண் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டை வெயிலில் கடை கடையாகப் பராக்குக் காட்டினார். கதவு அடைத்த சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. ஃபோன் உள்ளே கூடாது என்று வாங்கி வைத்துவிட்டார்கள். தலையில் ஒயர் ஒட்டினார்கள், இனி தூங்க வேண்டும் என்றார்கள். அவன் தூங்கவில்லை. பிறந்ததிலிருந்து பாட்டு ஓடாத ஓர் அறையில் அவன் தூங்க முயல்வது அதுதான் முதல் தடவை. இரண்டாம் மாதம் போல இதுவும் வீணாகப் போய்விடும் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் நானே பாடினேன். கான்வென்ட் பாட்டுக் குழுவில் என்னைக் கடைசி வரிசையில் நிற்கவைத்து, வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள். அந்தக் குரலில் படகுப் பாட்டு. பறை இல்லை, கிட்டார் இல்லை, சுருதியும் இல்லை. உப்புத்தண்ணியின் கவருக்கு உலகில் வந்த முதல் கவர் அதுதான். இரண்டு முறை முடிவதற்குள் அவன் கை தளர்ந்துவிட்டது.

மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடுகள் ஏறின, இறங்கின. நான் அவருடைய முகத்தை மட்டும் பார்த்தேன். கடைசியில் அருணையும் உள்ளே கூப்பிட்டு, இரண்டு காதும் நன்றாக இருக்கிறது, கவலையே வேண்டாம் என்று சொன்னார். அருண் ஒயர்களோடு தூங்குகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார். நான் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆறு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். பாட்டு முடிந்ததும் சிணுங்கினான் என்று நானே ஆறு இடத்தில் எழுதி, ஆறு இடத்திலும் பக்கத்தில் 'பசி' என்று விளக்கமும் கொடுத்திருந்தேன். அவனுக்குக் கேட்டது பாட்டு நின்றுபோனதுதான். நான் அதற்குப் பால் கொடுத்திருக்கிறேன். பாவம், அதையும் குடித்திருக்கிறான். பகலில் கொஞ்ச நேரமாவது வீட்டை அமைதியாக வைக்கச் சொன்னார், தலையை ஆட்டினேன்.

ஒயர்களைக் கழற்றி, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், பேனாவை மூடாமல் நிமிர்ந்தார்.

"நீங்க பாடுனீங்களே, நல்லா இருந்துச்சு, அது எந்தப் படம்?"

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொன்னேன். ஆகவே மன்றத்து நண்பர்களே, இப்போது நம் கணக்கில் கேட்பவர்கள் மேடத்தோடு சேர்த்துப் பதின்மூன்று பேர், அதில் பன்னிரண்டாவது ஆள் பாட்டு ஓடும்வரை கண்டுகொள்ளவே மாட்டான், நிறுத்திப் பார்த்தால்தான் அவன் எவ்வளவு தீவிர ரசிகன் என்பது தெரியும்.